நிழலில் நோயறிந்த ஹெலன் டாசிக் அம்மையார்

நம் பிளசன்டனிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பெர்க்கலிப் பல்கலைக்கழகத்தில் 1921ஆம் ஆண்டு பட்டம் பெற்ற ஒரு மாணவியின் வரலாற்றை, இம்மலரின் வாயிலாக நம் மாணவச் செல்வங்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

ஹெலன் டாசிக் 1898 மே 24 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். பதினொரு வயதில் தாயை இழந்தார். எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. ஹார்வர்டில் பொருளியல் பேராசிரியராக விளங்கிய தந்தை, மகளை அருகில் இருத்திப் பொறுமையுடன் கற்பித்தார். (வீட்டுப்பாட வேளையில் பொறுமை இழக்கும் பெற்றோராகிய நாம் இதனைச் சற்றே குறித்துக்கொள்ளலாம்.) ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அந்நாளில் பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. ஆகவே பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பயின்று 1927இல் மருத்துவரானார்.

1930இல் அங்கேயே குழந்தைகள் இதயநோய்ப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அக்காலத்திலேயே அவருடைய செவித்திறன் குன்றத் தொடங்கியது. இதய ஒலியைக் கேட்டு நோயறிய வேண்டிய மருத்துவருக்கு இதனினும் பெரிய இடர் உண்டோ! அவர் குழந்தையின் மார்பில் விரல் வைத்துத் துடிப்பை உணர்ந்தார். எக்ஸ் கதிர்த் திரைக்குப் பின்னே குழந்தையைப் பல கோணங்களில் திருப்பி, துடிக்கும் இதயத்தின் நிழலைக் கூர்ந்து நோக்கினார்.

உடல் நீலம் பாய்ந்து பிறந்த குழந்தைகளுக்கு அந்நாளில் மருந்தில்லை. ஆயினும் அவர்களின் நிழல்களில் அம்மையார் ஓர் ஒழுங்கைக் கண்டார். நுரையீரல் தமனி குறுகியிருந்தால் நுரையீரலில் இரத்தக்குழாய்க் கோடுகள் மெலிந்து தோன்றும். இதயம் நுனி தூக்கிய பூட்ஸ் காலணிபோல் காட்சி தரும். இடப்புறம் வளைய வேண்டிய பெருந்தமனி சிலரிடம் வலப்புறம் வளைந்திருக்கும். பேரியக் கரைசலைப் பருகச் செய்தால், அத்தமனி உணவுக்குழாயை எப்பக்கம் அழுத்துகிறது என்பது திரையில் புலப்படும்.

இன்னொன்றையும் கண்டார். பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் கருவில் இணைக்கும் சிறு குழாய், பிறந்தபின் தானே மூடிக்கொள்ளும். அது மூடாதவரை நீலக் குழந்தைகள் ஓரளவு நலமாயிருந்தனர். மூடியதும் நலிந்து மாண்டனர். அவ்வாறாயின் அத்தகைய குழாயைச் செயற்கையாக அமைத்தால் என்ன? பாஸ்டனில் இக்குழாயை மூடும் அறுவையை 1938இல் செய்து புகழ்பெற்ற ராபர்ட் கிராஸ், திறக்கும் யோசனையில் நாட்டம் காட்டவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு வந்த ஆல்பிரட் பிளேலாக் இசைந்தார். ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் அறுவை முறையை வகுத்தவர், கல்லூரிப் படிப்பு வாய்க்காத கறுப்பினத்தவரான விவியன் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று 15 மாதப் பெண் குழந்தைக்கு முதல் அறுவை நடந்தது. பிளேலாக்கின் பின்னே நின்று தாமஸ் வழிகாட்டினார். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. மூன்றாவதாக வந்த 6 வயதுச் சிறுவனோ அறுவை மேசையிலேயே நீலம் நீங்கிச் சிவந்தான். அறுவைக்குச் சூட்டிய பெயரில் நெடுங்காலம் தாமஸ் இடம்பெறாதது நமக்குக் குறையாகவே படுகிறது.

பர்மாவில் பிறந்து, போர்க்காலத்தில் கோயம்புத்தூர் வந்து சேர்ந்த மருத்துவர் பத்மாவதி, அம்மையாரிடம் பயின்று 1950களில் தில்லியில் இதயநோய்ப் பிரிவைத் தொடங்கினார். அமெரிக்க இதயச் சங்கத்துக்கு 1965இல் முதல் பெண் தலைவரான டாசிக் அம்மையார், 1986 மே 20 அன்று, 88 வயது நிறைய 4 நாள்கள் இருக்கையில், பென்சில்வேனியாவில் வாகன விபத்தில் காலமானார்.