குருத்தெலும்பு திரும்ப வளருமா? 1743-லேயே பதில் சொன்ன வில்லியம் ஹண்டர்

ஸ்டெம் செல் ஊசி போட்டா முழங்கால் குருத்தெலும்பு புதுசா வளரும்னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. சரி, அது ஏன் தானாவே வளரமாட்டேங்குது? இந்தக் கேள்வியைத் தேடினா வில்லியம் ஹண்டரிடம்தான் போய் நிற்போம்.

1718-ல் ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைட் அருகே பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் ஏழாவது. மதகுரு ஆவதற்காக கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மனசு ஒட்டலை. வில்லியம் கல்லன் என்ற டாக்டரிடம் மருத்துவம் பழகினார். பிறகு லண்டன் போய், ஜேம்ஸ் டக்ளஸ் என்ற உடற்கூறியல் அறிஞரின் வீட்டிலேயே தங்கிக் கற்றார். 1742-ல் டக்ளஸ் இறந்துபோனார். அடுத்த வருஷமே, 25 வயசில், ராயல் சொசைட்டியில் ஹண்டரின் கட்டுரை வாசிக்கப்பட்டது. தலைப்பு, மூட்டுக் குருத்தெலும்பும் அதன் நோய்களும்.

வெல்வெட் துணியில் நூல்கள் நிமிர்ந்து நிற்குமே, அதேபோல குருத்தெலும்பின் இழைகள் எலும்பிலிருந்து எழுந்து நிற்கின்றன என்று விளக்கினார். ரத்தக் குழாய்கள் மூட்டின் ஓரத்தில் வளையமா நிற்பதையும் விவரித்தார். கூடவே ஒரு கசப்பான உண்மை: ஒரு தடவை அழிஞ்ச குருத்தெலும்பு திரும்ப வராது. ரத்த ஓட்டம் இல்லாத இடத்தில் காயம் ஆறுவது கஷ்டம் என்பது இன்றைக்கு நமக்குத் தெரியும்.

1746-ல் லண்டனில் உடற்கூறியல் வகுப்புகள் தொடங்கினார். மாணவர்கள் தாங்களே சவத்தை அறுத்துப் படிக்கணும். அந்தச் சவங்களில் பல, கல்லறையிலிருந்து திருடப்பட்டவை. இதையும் மறைக்காம சொல்லணும். தம்பி ஜானும் அங்கேதான் தொழில் கற்றார். கடைசியில் ஒரு கண்டுபிடிப்பு யாருடையது என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து, உறவே முறிஞ்சது. சார்லட் ராணியின் மருத்துவராக உயர்ந்த ஹண்டர் 1783-ல் இறந்தார். அவர் சேகரித்தவை இன்றும் கிளாஸ்கோ மியூசியத்தில் இருக்கு.

அவர் சொன்னதை மாற்றத்தான் இப்பவும் போராட்டம். 1994-ல் ஸ்வீடன் டாக்டர்கள் நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு செல்களை வளர்த்து, 23 பேரின் முழங்காலில் வைத்த முடிவுகளை வெளியிட்டாங்க. 2012-ல் தென் கொரியா, தொப்புள்கொடி ரத்த ஸ்டெம் செல் மருந்துக்கு அனுமதி கொடுத்தது. வலி குறைந்தவர்கள் உண்டு. ஆனா புதுசா வளர்வது பல நேரம் பழைய குருத்தெலும்பு இல்லை. தழும்பு மாதிரி நார்த்திசு, சீக்கிரம் தேயும்.

அதனால் வீட்டில் யாராவது இந்த ஊசிக்குப் பணம் கட்டப் போனா, முதல்ல டாக்டரிடம் கேளுங்க: வலி மட்டும் குறையுமா, இல்லை ஹண்டர் பார்த்த அந்த வெல்வெட்டும் திரும்ப வருமா?