புள்ளிகளிடையே புகையைக் கண்டவர்

நட்சத்திரம் கூரிய ஒளிப்புள்ளி. நெபுலா எனப்படும் வான்முகிலோ புகை போன்ற மங்கல். இன்று வானப் படங்களில் இவ்விரண்டையும் கணினி மென்பொருள்கள் சில நிமிடங்களில் வேறாகப் பிரித்துவிடுகின்றன. கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்த காலத்தில் அப்பணியைப் பழகிய கண்ணே செய்ய வேண்டியிருந்தது. அத்தகைய கண் வாய்க்கப்பெற்றவர் வானியலாளர் வைணு பாப்பு.

1927 இல் சென்னையில் பிறந்த அவர், தந்தை பணியாற்றிய ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தின் சூழலில் வளர்ந்தார். நவாப் ஸபர் ஜங் என்ற பிரபு 1901 இல் நிறுவிய ஆய்வகம் அது.

1949 இல் ஹாவார்ட் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, தாம் எடுத்த படத்தகட்டில் நட்சத்திரங்களிடையே மங்கலொன்றைக் கண்டார். நெபுலா இடம் மாறாது, இதுவோ நகர்ந்தது. புதிய வால்வெள்ளியான அது, பாப்பு, போக், நியூகிர்க் ஆகிய மூவரின் பெயரையும் பெற்றது.

தாயகம் திரும்பி 1960 இல் கொடைக்கானல் வானாய்வகப் பொறுப்பை ஏற்றவர், இருண்ட வானம் தேடி வாணியம்பாடிக்கு அண்மையிலுள்ள காவலூரைத் தெரிவுசெய்தார். உள்நாட்டிலேயே பெருந் தொலைநோக்கியொன்றை உருவாக்க முனைந்தார். அது நிறைவுறுமுன் 1982 இல் ஜேர்மனியின் மியூனிச் நகரில் காலமானார். 2.34 மீற்றர் விட்டமுள்ள அத்தொலைநோக்கிக்கு 1986 இல் அவரது பெயர் சூட்டப்பட்டது.

முஸ்லிம் பிரபு ஒருவரின் கொடை, சென்னையில் பிறந்த சிறுவனை வானியலாளனாக்கியது. நகர வெளிச்சம் எட்டாத வயல்வெளிகள் வன்னியில் இன்றும் உள்ளன. அங்குள்ள தமிழ், முஸ்லிம் மாணவர்கள் ஒன்றாய் அண்ணாந்து பார்க்க, பாடசாலைகளுக்குச் சிறு தொலைநோக்கியேனும் வழங்குவது வசதி படைத்தோரின் கடமையாகும்.