சாண்டோ என்ற பெயருக்கு உரியவர்



பட அதிபர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ‘சாண்டோ’ என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஊர்ப் பெயரோ குடும்பப் பெயரோ அல்ல. உடற்பயிற்சியில் பேர் வாங்கியவர்களுக்கு அந்தக் காலத்தில் மக்கள் கொடுத்த பட்டம். கையில்லாத பனியனையும் சாண்டோ பனியன் என்பார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் யூஜின் சாண்டோ.

1867 ஏப்ரல் 2 அன்று பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். சிறுவனாகத் தந்தையுடன் இத்தாலி சென்றபோது பழைய கற்சிலைகளைப் பார்த்து, அப்படி ஓர் உடல் வேண்டும் என்று ஆசைப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். கங்கைகொண்ட சோழபுரத்துத் துவாரபாலகர்களின் புயங்களை அண்ணாந்து பார்த்த நமக்கு அந்த ஆசை புரியும்.

பிரசல்ஸில் அட்டிலா என்ற ஆசிரியரிடம் பயின்றார். 1889-ல் லண்டனில் சாம்ப்சன் என்ற பலசாலியின் சவாலை ஏற்று, மேடையேறி வென்றார். 1893-ல் சிகாகோவில் கூட்டம் அலைமோதியது. 1894-ல் எடிசனின் ஸ்டுடியோ அவரைப் படம் பிடித்தது.

மேடையில் அவர் 250 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 113 கிலோவை, ஒரே கையால் தூக்குவார். அதற்கு உடலைச் சாய்த்து, வளைத்து, எடைக்குக் கீழே புகுந்துவிடுவார். ஆனால் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு. சில பவுண்டு டம்பெல் போதும். மனதை அந்தத் தசையில் வைத்து, இறுக்கத்தோடு செய்ய வேண்டும் என்பார். ஸ்பிரிங் வைத்த டம்பெல் ஒன்றையும் விற்றார். இரண்டு பாதிகளையும் விடாமல் அழுத்திப் பிடித்தபடியே பயிற்சி செய்ய வேண்டும். கவனம் சிதறினால் கை காட்டிக் கொடுத்துவிடும்.

மேடையில் எடை மேலே போக வேண்டும். பயிற்சியில் தசை வேலை செய்ய வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இன்றும் நடக்கிறது. புயத்துக்காக டம்பெல் எடுக்கும் சிலர், இடுப்பை முன்னே தள்ளி, முதுகை வளைத்து, வீசித் தூக்குகிறார்கள். கணக்கில் 15 கிலோ. புயத்தின் பங்கு குறைவு. மீதியை இடுப்பும் முதுகும் சுமக்கின்றன. வலியும் அங்கேதான் வரும்.

1901-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் சாண்டோ நடத்திய உடற்கட்டுப் போட்டிக்கு, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயிலும் ஒரு நடுவர். எடை தூக்குவதற்கு அல்ல, சீரான உடலுக்கே பரிசு. 1904-05-ல் இந்தியாவுக்கும் வந்தார். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தம் உடற்பயிற்சி ஆசிரியராக நியமித்தார். 1925 அக்டோபர் 14 அன்று, 58-வது வயதில் லண்டனில் காலமானார். இன்று மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வெல்பவருக்குத் தருவது அவருடைய சிலைதான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்துச் செய்தால் வீச முடியாது.

2. ஏற்றுவதைவிட இறக்குவது மெதுவாக இருக்கட்டும். மூச்சை அடக்காதீர்கள்.

3. வீசினால்தான் மேலே வருகிறது என்றால் எடை அதிகம், குறையுங்கள்.

4. பல வருடம் பழகியவர்கள் கடைசி ஓரிரு முறை லேசாக வீசுவது உண்டு. புதியவர்களுக்கு அது வேண்டாம்.

5. ரத்த அழுத்தமோ முதுகுவலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.