இராபர்ட் தெ நோபிலி

இராபர்ட் தெ நோபிலி (1577 – சனவரி 16, 1656) இத்தாலியில் பிறந்து தமிழகத்தில் சமயப் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஆவார். தத்துவ போதகர் என்றும் அழைக்கப்படுகிறார். கேட்போரின் மொழிக்கும் வழக்கத்துக்கும் சிந்தனை முறைக்கும் ஏற்பக் கிறித்தவப் போதனையை அமைத்தவர் என்ற வகையிலும், தமிழ் உரைநடை முன்னோடிகளுள் ஒருவர் என்ற வகையிலும் குறிப்பிடத்தக்கவர்.

மதுரை வருகை

உயர்குடியில் பிறந்த நோபிலி இயேசு சபையில் சேர்ந்து, 1605 ஆம் ஆண்டு கோவாவை அடைந்தார். முத்துக்குளித்துறையில் சிறிது காலம் தமிழ் பயின்ற பின், 1606 இல் நாயக்கர் ஆட்சியில் இருந்த மதுரைக்கு வந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் போர்த்துக்கேயத் துறவி 1595 முதல் பணியாற்றி வந்தார். கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவக் கிறித்தவர்களுக்கு அவர் உதவியாக இருந்தாரேயன்றி, மதுரை மக்கள் அவரது போதனைக்குச் செவிசாய்க்கவில்லை.

காரணம் ஒரு சொல்லில் இருந்ததை நோபிலி கண்டறிந்தார். கிறித்தவராக விரும்புவோரிடம், பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்னும் பொருள்படவே கேட்கப்பட்டு வந்தது. மதுரை மக்களுக்குப் பரங்கி என்றால் மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தி, நீராடாமல் திரியும் போர்த்துக்கேயர். ஆகவே, போதகர் சமயத்தைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொண்டிருக்க, கேட்டவர்களோ தம் குலத்தை விடச் சொல்வதாகவே புரிந்துகொண்டனர்.

போதனை முறை

நோபிலி காவி உடுத்து, புலால் நீக்கி, துறவியாக வாழ்ந்தார். தாம் பரங்கி அல்லர் என்று ஓலையில் எழுதித் தம் வாயிலில் அறிவித்தார். சிவதருமர் என்னும் அந்தணரிடம் வடமொழி கற்றார்; அம்மொழியை ஆழ்ந்து கற்ற முதல் ஐரோப்பியர்களுள் இவரும் ஒருவர்.

சொற்களிலும் மாற்றம் செய்தார். அதுவரை கிறித்தவத் தமிழில் போர்த்துக்கேயச் சொற்கள் அப்படியே புழங்கின. வழிபாட்டைக் குறித்த மிசை என்ற சொல் தமிழ்க் காதுக்கு மீசையை அல்லவா நினைவூட்டும்! அதன் இடத்தில் பூசை வந்தது. கோயில், குரு, வேதம், சர்வேசுரன் ஆகிய சொற்களையும் தம் போதனையில் ஆண்டார்.

போதனையின் வரிசையும் மாறியது. படைத்தவன் ஒருவன் உண்டு என்பதைத் தருக்கத்தால் நிறுவிய பின்னரே, கிறித்தவத்துக்கே உரிய கோட்பாடுகளுக்குச் சென்றார். பள்ளி ஆசிரியர் ஒருவருடன் பல நாட்கள் இவ்வாறு வாதிட்டு, இறுதியில் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். எனினும், கேட்போர் மகிழ்வதையே பேசினார் என்று எண்ணிவிடலாகாது. புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்ற நூலில் மறுபிறவிக் கொள்கையை நேரடியாகவே மறுத்துள்ளார்.

எதிர்ப்பும் தீர்ப்பும்

இம்முறையைப் பெர்னாண்டசு கடுமையாக எதிர்த்து மேலிடத்துக்கு முறையிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை சமயச் சின்னங்களா அல்லது குல வழக்கங்களா என்பதே வழக்கின் மையம். குல வழக்கங்களே என வாதிட்டு நோபிலி இலத்தீனில் விரிவாக எழுதினார். கோவாவில் 1619 இல் நடந்த ஆய்வில் பேராயர் கிறிஸ்தோவாவ் தெ சா அவருக்கு எதிராக நின்றார். ஆயினும் 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் இவற்றுக்கு அனுமதி அளித்தார். இறைவார்த்தையைக் கேட்குமிடத்தில் உயர்குலத்தார் எளியோரை இகழக்கூடாது என்றும் அதே ஆணையில் வேண்டியிருந்தார்.

அந்த வேண்டுகோளுக்குத் தேவை இருந்தது. ஒரு சாராரின் காதுக்கு ஏற்பப் பேசப் புகுந்த நோபிலி, பெர்னாண்டசுடன் உடன் உண்பதையே தவிர்க்க நேர்ந்தது, கோயில்களும் தனித்தனியாயின. குல வேறுபாட்டைத் திருச்சபைக்குள் நிலைபெறச் செய்தார் என்ற குற்றச்சாட்டு இதனால் எழுந்தது. பிற்படுத்தப்பட்ட குலத்தாரிடையே பணிபுரிவதற்கெனப் பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவு 1640 அளவில் தொடங்கப்பட்டது.

இறுதிக் காலம்

1640 இல் மதுரையில் சிறைவைக்கப்பட்ட நோபிலி, விடுதலைக்குப் பின் யாழ்ப்பாணத்துக்கும் அங்கிருந்து மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். பார்வை பெரிதும் மங்கிய நிலையிலும் நூற்பணியைத் தொடர்ந்து, அங்கேயே காலமானார். ஞானோபதேச காண்டம், ஆத்தும நிருணயம், தூஷண திக்காரம் முதலியவை இவரது தமிழ் நூல்கள். இவற்றுள் பலவற்றை இயேசு சபையைச் சேர்ந்த ச. இராசமாணிக்கம் 1960களில் பதிப்பித்தார்.