பொன்னைக் கரைத்த வேதியியல் அறிஞர்

கருநாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலில் சாம்பல் நிறக் குன்றுகள் பல உள்ளன. அவை இயற்கைக் குன்றுகள் அல்ல. பாறையை மாவாக அரைத்து, அதிலுள்ள பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய மண்ணே அவ்வாறு குவிந்து கிடக்கிறது. 3 கோடி டன்னுக்கும் மிகுதியான அம்மண்குவியல்களைச் சயனைடு மேடுகள் என்பர். அப்பெயருக்குக் காரணமான முறையைக் கண்டறிந்தவர் ஜான் ஸ்டூவர்ட் மக்ஆர்தர்.

அவர் 1856ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். இளமையிலேயே ஒரு செப்பு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து, செய்முறை வழியாகவே வேதியியலைக் கற்றார்.

அக்காலத்தில் அரைத்த பாறைத்தூளை நீருடன் கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிடுவர். பொன் துகள்கள் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மிக நுண்ணிய துகள்கள் ஒட்டாமல் நீரோடு ஓடிவிடும். தமிழகத்தின் வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கோலாருக்குச் சென்ற தொழிலாளர்கள் உயிரைப் பணயம் வைத்து வெட்டிய பாறையிலிருந்த பொன்னில் ஒரு பகுதி இவ்வாறு மண்ணோடு மண்ணாய்ப் போயிற்று. உலகின் பிற சுரங்கங்களிலும் இதே நிலைதான்.

இதற்குத் தீர்வு காண, இராபர்ட் ஃபாரஸ்ட், வில்லியம் ஃபாரஸ்ட் என்னும் மருத்துவச் சகோதரர்களுடன் மக்ஆர்தர் இணைந்தார். அம்மருத்துவர்களின் மருத்துவமனை அடித்தளமே ஆய்வுக்கூடம் ஆயிற்று. 1886இல் பொட்டாசியம் சயனைடு என்னும் கொடிய நச்சு உப்பின் கரைசலில் தாதுவை ஊறவைத்தனர். பொன் கரைந்துள்ளதா என்றறிய அக்கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு வளியைச் செலுத்தினர். வீழ்படிவு எதுவும் தோன்றவில்லை. முயற்சி தோற்றது எனக் கருதிக் கைவிட்டனர். உண்மையில் பொன் கரைந்திருந்தது. சோதித்த முறைதான் தவறு. சயனைடோடு இறுகப் பிணைந்த பொன்னை அவ்வளியால் பிரிக்க இயலாது. ஓராண்டு கழித்து, கரைசலை விடுத்து எஞ்சிய தாதுவை ஆராய்ந்தபோதுதான் அதிலிருந்த பொன் குறைந்திருப்பது தெரிந்தது. கையில் கிடைத்த வெற்றியை அறியாமலே ஓராண்டு கழிந்திருந்தது!

இம்முறையில் காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு பொன் சயனைடுடன் சேர்ந்து நீரில் கரையும் உப்பாகிறது. 1 விழுக்காட்டுக்கும் குறைந்த சயனைடே இதற்குப் போதுமானது. நச்சு வளி எழாதிருக்கச் சுண்ணாம்பு சேர்ப்பர். பின்னர்க் கரைசலைத் துத்தநாகச் சீவல்களின் ஊடே செலுத்தினால், துத்தநாகம் கரைய, பொன் கருநிறத் தூளாகப் படியும். அதனை உருக்கினால் பொற்கட்டி கிடைக்கும். 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் மக்ஆர்தர் குழுவினர் இதற்குக் காப்புரிமை பெற்றனர். 1889இல் நியூசிலாந்திலும், அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவிலும் இம்முறை நடைமுறைக்கு வந்தது. பின்னர்க் கோலாரும் இதனை மேற்கொண்டது.

எனினும், புகழுக்கு ஏற்ற பொருள் அவருக்கு வாய்க்கவில்லை. சயனைடில் பொன் கரையும் என்பது முன்பே அறியப்பட்டதுதான் என எதிர்த்தரப்பினர் வழக்காடினர். 1846இலேயே ஜெர்மானிய வேதியியலார் எல்ஸ்னர் அதனை ஆராய்ந்திருந்தார். 1896இல் டிரான்ஸ்வால் நீதிமன்றம் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. உண்மையை அறிந்திருப்பது வேறு. அதனை ஆலையில் பயன்தரச் செய்வது வேறு. சுரங்க வல்லுநர்கள் இதனை மறக்கவில்லை. இலண்டனிலுள்ள சுரங்க, உலோகவியல் கழகம் 1902இல் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. கரையாத பொன்னைக் கரைத்தவருக்குப் பொன்னே பரிசாயிற்று.

பிற்காலத்தில் மக்ஆர்தர் ரேடியம் பிரித்தெடுக்கும் தொழிலில் ஈடுபட்டு, ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரிக்கு அருகே அதற்கென ஆலை நடத்தினார். 1920இல் மறைந்தார். கோலார்ச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. மேடுகள் மட்டும் அங்கேயே உள்ளன. காற்று வீசும் காலங்களில் அவற்றின் நுண்தூள் இன்றும் அருகிலுள்ள குடியிருப்புகளின்மேல் படிகிறது.