ஜீனோ பார்த்தலி

ஜீனோ பார்த்தலி (ஜூலை 18, 1914 – மே 5, 2000) இத்தாலி நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற தொழில்முறை மிதிவண்டிப் போட்டி வீரர் ஆவார். இவர் ஜிரோ டி இத்தாலியா போட்டியில் 1936, 1937, 1946 ஆகிய ஆண்டுகளிலும், டூர் டி பிரான்சு போட்டியில் 1938, 1948 ஆகிய ஆண்டுகளிலும் வெற்றி பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களைக் காக்க உதவியவராகவும் இவர் அறியப்படுகிறார்.

இளமைக் காலம்

பார்த்தலி புளோரன்ஸ் நகரை அடுத்த போன்தே அ ஏமா என்னும் ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1935 இல் தொழில்முறை வீரரானார். மலை ஏற்றங்களில் இவரது திறன் தனித்து விளங்கியது. 1936 இல் முதன்முறையாக ஜிரோ போட்டியை வென்ற சில நாட்களில், இவரது தம்பி ஜூலியோ ஒரு போட்டியில் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார். அத்துயரால் போட்டிகளிலிருந்து விலக எண்ணிய பார்த்தலி, பின்னர் மனம் மாறித் திரும்பினார்.

போர்க்காலம்

1943 இல் செருமானியப் படைகள் இத்தாலியைக் கைப்பற்றிய பின், புளோரன்ஸ் பேராயர் எலியா தல்லா கோஸ்தா யூதர்களுக்கு உதவும் மறைமுக அமைப்புக்குத் துணை நின்றார். பார்த்தலி அவ்வமைப்புக்காகப் போலி அடையாள ஆவணங்களை மிதிவண்டிச் சட்டத்தினுள் மறைத்துப் புளோரன்சுக்கும் அசிசிக்கும் இடையே கொண்டு சென்றதாகக் கூறப்படுகிறது. பயிற்சிக்காக நெடுந்தொலைவு செல்லும் வீரர் என்பதால் அவர் மீது எளிதில் ஐயம் எழவில்லை. ஒரு யூதக் குடும்பத்துக்கு அடைக்கலமும் அளித்தார். ஆவணங்களைக் கொண்டு சென்றதற்குப் போதிய சான்றுகள் இல்லை எனச் சில வரலாற்றாய்வாளர்கள் வாதிடுகின்றனர். பார்த்தலியோ இதுபற்றிப் பொதுவில் பேசுவதைத் தவிர்த்தே வந்தார்.

1948 டூர் டி பிரான்சு

34 ஆவது வயதை எட்டும் நிலையில் இப்போட்டியில் பங்கேற்ற பார்த்தலி, பாதிவழியில் பிரான்சின் லூயிசன் போபேயை விட 21 நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தார். ஜூலை 14 அன்று இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் பல்மீரோ தொல்லியாத்தி சுடப்பட, நாட்டில் கலவரம் மூண்டது. மறுநாள் தொடங்கி மூன்று மலைக் கட்டங்களைத் தொடர்ந்து வென்ற பார்த்தலி, இறுதியில் 26 நிமிட முன்னிலையுடன் பட்டம் பெற்றார். இவ்வெற்றியே உள்நாட்டுப் போரைத் தடுத்தது என்பது மிகைக்கூற்று எனக் கருதப்படுகிறது. எனினும் அது மக்களின் பதற்றத்தைத் தணிக்க உதவியது என்பர்.

கோப்பியும் பிற்கால வாழ்வும்

1940 இல் பார்த்தலியின் அணியில் இளையவராகச் சேர்ந்த ஃபாவுஸ்தோ கோப்பி, அவ்வாண்டே ஜிரோ போட்டியை வென்றார். அதன்பின் இவ்விருவரின் போட்டி இத்தாலிய ரசிகர்களை இரு அணிகளாகப் பிரித்தது. எனினும் 1952 டூர் போட்டியில் மலை ஏற்றத்தின்போது இருவரும் ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கைமாற்றிக்கொள்ளும் ஒளிப்படம் பெரும் புகழ் பெற்றது. கொடுத்தவர் யார் என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது.

1954 இல் பார்த்தலி ஓய்வு பெற்றார். பின்னர் அணி மேலாளராகி, 1960 பருவத்துக்குக் கோப்பியைத் தம் அணியில் சேர்த்தார். ஆனால் கோப்பி 1960 சனவரி 2 அன்று மலேரியாவால் இறந்தார். பார்த்தலி 2000 இல் புளோரன்சில் காலமானார்.

சிறப்புகள்

2005 இல் இத்தாலிய அரசு இவருக்கு மறைவுக்குப் பின் குடிமைச் சேவைக்கான தங்கப் பதக்கத்தை வழங்கியது. 2013 இல் இசுரேலின் யாட் வசெம் நிறுவனம், யூதர்களைக் காத்த பிற இனத்தவருக்கு வழங்கும் சிறப்பு மதிப்பை இவருக்கு அளித்தது. இவர் பிறந்த ஊரில் இவர் பெயரில் மிதிவண்டி அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது.