முதல் கையெழுத்து

அயர்லாந்தின் கார்க் நகரில் ஏழைகளிடையே தொண்டாற்றிய கப்புச்சின் துறவி தியோபால்டு மேத்யூவை அறிவீர்களா? 1790இல் பிறந்தவர்.

மதுவிலக்குப் பணிக்கு வாருங்கள் என்று அவரை விடாமல் அழைத்தவர், வேறு சபையைச் சேர்ந்த குவேக்கர் வில்லியம் மார்ட்டின். 1838 ஏப்ரல் 10 அன்று உறுதிமொழி ஏட்டில் மேத்யூவே முதலில் கையெழுத்திட்டார். சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் குடிப்பதில்லை என்று உறுதி எடுத்தனர். அவர்களுக்கான பதக்கங்களைப் பலருக்கு இலவசமாகக் கொடுத்தே அவர் கடனாளியானார்.

1845இல் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியதும் இயக்கம் தளர்ந்தது. அவரோ பசித்தவர்களுக்கு உணவளித்தார். 1856இல் மறைந்தார். 1864இல் நிறுவிய அவரது சிலை கார்க் நகரில் இன்றும் நிற்கிறது.

குடியை விட நினைக்கும் ஒருவர் உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கலாம். மார்ட்டினைப் போல நீங்களும் அன்போடு விடாமல் பேசிப் பாருங்களேன்.